நாட்டு நாயின் மரபணுத் தரவு: எங்கே இடறும், ஏன் இடறும்

பாளையங்கோட்டையிலிருந்து:

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மூன்றும் நம்ம பக்கத்து நாய்கள். இவற்றின் டிஎன்ஏவைக் கணினியில் அலசப் போகிறவர்கள் முதலில் ஒன்றை மனதில் வைக்கணும்: கையில் கிடைக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை மனிதனுக்காக எழுதப்பட்டவை. மனிதனுக்குக் குரோமோசோம் 46. நாய்க்கு 78, 38 ஜோடி போக எக்ஸ், ஒய். மரபணுத் தரவை அலசும் பிளிங்க் மென்பொருளில் 'டாக்' என்ற தெரிவைச் சேர்க்காமல் விட்டால் நாயின் 23ஆம் குரோமோசோமை அது எக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். அதன் மனிதப் பட்டியலில் இல்லாத 27ஐப் பார்த்ததும் 'தவறான குரோமோசோம்' என்று நின்றுவிட்டால் நல்ல காலம். அந்தச் செய்திக்குப் பயந்து 27 முதலான குரோமோசோம்களை வெட்டிவிட்டு ஓட்டுவதுதான் கேடு. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதானே. அதனால் ஆண் நாய்களின் 23ஆம் குரோமோசோமில் இரண்டு வகை டிஎன்ஏ எழுத்தும் இருக்கும் இடங்களையெல்லாம் பிழை என்று கருதிவிடும். தெரிவை ஒருமுறை கொடுத்தால் போதாது, ஒவ்வொரு கட்டளையிலும் கொடுக்கணும்.

ஒப்பிடும் மூல மரபணுத் தொகுதியிலும் கவனம் வேண்டும். 2005இல் நேச்சர் இதழில் வந்தது டாஷா என்ற பாக்ஸர் நாயுடையது. டாஷா பெண். அவளை வைத்து எழுந்த கேன்ஃபேம்3.1 என்ற பதிப்பில் ஒய் கிடையாது. ஆண் நாயின் மாதிரியைப் படிக்கும்போது கிடைக்கும் ஒய் டிஎன்ஏ துண்டுகள் ஒன்று பொருந்தாமல் மிஞ்சும், இல்லாவிட்டால் எக்ஸில் ஒத்த இடமாகப் பார்த்துப் போய் ஒட்டிக்கொள்ளும். பின்னால் வந்த ஜெர்மன் ஷெப்பர்ட் தொகுதியில் இட எண்களே வேறு. ஆகவே பதிப்பின் பெயரைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

தென்காசியிலிருந்து:

பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்னதற்கு முந்தின படி, மாதிரி எடுப்பது. ரத்தம் என்றால் ரத்தம் உறையாமல் காக்கும் ஊதா மூடி ஈடிடிஏ குழாய். பச்சை மூடியில் இருப்பது ஹெப்பாரின், அது டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும். எச்சில் என்றால் நாய் தின்று, நீர் குடித்து அரை மணியாவது ஆகியிருக்கணும். இன்னொரு நாய் வாயை நக்கியிருந்தாலும், ஒரே தட்டில் தின்றிருந்தாலும் அதன் டிஎன்ஏ கலந்துவிடும். எச்சில் மாதிரியில் நாயோடு பொருந்தும் துண்டுகளின் சதவீதம் குறைந்தால் உடனே ஆய்வகத்தைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அது வாயிலுள்ள பாக்டீரியாதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

வீட்டுக் கணினியில் ஓட்டுகிறவர்கள் அதிகம் விழும் குழி, டிஎன்ஏ துண்டுகளை இடவாரியாக அடுக்கும் சாம்டூல்ஸ் வரிசையாக்கம். அதில் 'எம்' என்று கொடுக்கும் நினைவக அளவு மொத்தத்துக்கு இல்லை, ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு இழைக்கும். 8 இழை, 4 ஜிபி என்று கொடுத்தால் 32 ஜிபி கேட்கும். 16 ஜிபி இயந்திரத்தில் பாதியில் செத்துவிடும். இழைக்கு 1 ஜிபி என்று குறைத்தால் பைய ஓடினாலும் முடிந்துவிடும்.

கரண்ட் போகும் ஊர் என்றால் டிஎன்ஏ எழுத்து மாறும் இடங்களைத் தேடும் வேலையைக் குரோமோசோம் வாரியாகப் பிரித்து ஓட்டுங்கள். விளைவைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். பாதியில் அறுந்த பாம் கோப்பு (பொருத்திய துண்டுகள் இருக்கும் கோப்பு) பார்வைக்கு முழுசாகவே தெரியும். அதன் கடைசியில் முடிவுக் குறி இருக்கிறதா என்று சாம்டூல்ஸின் குவிக்செக் கட்டளை சொல்லிவிடும். யுபிஎஸ்ஸை நம்பி இரவு முழுக்க ஓட்ட முடியாது, இயந்திரத்தை ஒழுங்காக அணைக்கத்தான் அது.

வீட்டில் பூனை இருந்தால் முனையத்தை மூடினாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸுக்குள் ஓட்டித் திரையைப் பூட்டுங்கள். விசைப்பலகை மேல் நடந்தாலும் ஒன்றும் ஆகாது. மே மாத வெயிலில் கணினி திடீரென்று மந்தமானால் விசிறிக்குப் பின்னாலுள்ள தகடுகளைப் பாருங்கள். பூனை முடி கம்பளித் துணி மாதிரி படிந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊதணும். பிடிக்காமல் ஊதினால் வேகமாகச் சுழன்று பேரிங் கெட்டுப்போகும்.

சங்கரன்கோவிலிலிருந்து:

படிக்கிற முறை பற்றியும் சொல்லணும். ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்து நிறுத்தாதீர்கள். முறைகள் பகுதியை முதலில் படியுங்கள். எத்தனை நாய், ஒரே ஈற்றுக் குட்டிகளா, எந்த மூலத் தொகுதி, மென்பொருளின் எந்தப் பதிப்பு என்ற நான்கையும் நோட்டில் குறித்தால் காலையில் ஒரு கட்டுரை தாராளம். இணைப்பு அட்டவணை எக்செலில் இருந்தால் மரபணுப் பெயர்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். செப்ட்2 என்ற மரபணுவை எக்செல் செப்டம்பர் 2 ஆக்கிவிடும். இந்தத் தொல்லையால்தான் 2020இல் அந்த மரபணுக் குடும்பத்துக்கு செப்டின் என்று பெயர் மாற்றினார்கள். பழைய அட்டவணைகளில் தேதிகள் அப்படியே கிடக்கின்றன. திறக்கும்போதே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட்டால் தப்பலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நாயைப் பற்றி எழுதும் குறிப்பு. வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் போய்விடும். வளர்ப்பவர் 'சொன்னா கேக்காது, ஆனா கைதட்டினா திரும்புது' என்பார். குட்டி திரும்புவது கையின் நிழலைப் பார்த்து, தரையின் அதிர்வை உணர்ந்து. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி எந்தக் கைதட்டலிலும் அகப்படாது. மூளைத்தண்டின் மின் அலையை அளக்கும் பிஏஇஆர் சோதனைதான் இதற்கு வழி, அதுவும் ஐந்தாறு வாரம் ஆன பிறகு. இது இல்லாமல் 'கேட்கும்', 'கேட்காது' என்று இரண்டு நெடுவரிசை நிரப்பினால், பாதிக்கப்பட்ட நாய்களில் சில நலமான பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் எத்தனை ஜிபி தரவு இருந்தாலும் காது கேளாமைக்கான சரியான மரபணு மேலே வராது.

பாளையங்கோட்டையிலிருந்து:

சங்கரன்கோவில் அக்கா சொன்னதோடு ஒன்று: டால்மேஷன் நாயின் காது கேளாமை பற்றிக் கண்டுபிடித்ததை ராஜபாளையத்துக்கு அப்படியே ஒட்டாதீர்கள், வெள்ளைக்குக் காரணம் ஒன்றாகவே இருக்கணும் என்றில்லை. பக்கத்துப் பக்கத்து ஊரில் வாங்கிய நாய்கள் ஒரே தாயின் குட்டிகளாக இருக்கலாம். இரண்டு நாய்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டு மென்பொருள் தரும் உறவு மதிப்பு 0.5ஐ ஒட்டி வந்தால் உடன்பிறப்பு அல்லது தாய்-குட்டி. உள்ளினச் சேர்க்கை மிகுந்த இனத்தில் உறவில்லாதவற்றுக்கும் அது கூடுதலாகக் காட்டும் என்பதால், குட்டி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.