சாக் 5-க்கு மாற ஒரே வரியா? எண்ணிக் காட்டுங்க

பழையசோறு:
நேத்து இங்க ஒருத்தர், "சாக் 4-ல இருந்து 5-க்குப் போக ஒரே ஒரு வரி மாத்தினா போதும், அதுக்கே பயந்தா புரோகிராம் எழுதாதீங்க"ன்னு உபதேசம் பண்ணியிருந்தார். அப்பலேர்ந்து காந்துது. சாக்ங்கறது ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமுக்கு, டெர்மினல்ல எழுத்துக்குக் கலர் குடுக்கற குட்டி லைப்ரரி; 4, 5 எல்லாம் அதோட வெர்ஷன். லாக் ஃபைலைப் பிரிச்சுக் காட்ட நானே எழுதின கமாண்ட்லைன் டூல்ல அதை 5 ஆக்கினேன். எடுத்த எடுப்புலயே படுத்துருச்சு. இது ஈஎஸ் மாட்யூல் (இம்போர்ட்னு கூப்பிடற புது முறை), ரிக்வயர் (காமன்ஜேஎஸ்ங்கற பழைய முறை) பண்ண முடியாதாம். அந்த எரர்கூட சிவப்புல வரல, சிவப்பு குடுக்கறதே லோட் ஆகலையே!

செந்நிரல்:
அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். ரிக்வயர் வரியை எடுத்துட்டு இம்போர்ட் வரி. எண்ணுங்க: ஒண்ணு.

பழையசோறு:
எண்ணினேன் தம்பி. இம்போர்ட் போடணும்னா புராஜெக்ட்டோட செட்டிங் ஃபைலான பேக்கேஜ்.ஜேசன்ல டைப் மாட்யூல்னு சொல்லணும், அது ரெண்டாவது வரி. அதைச் சொன்ன நிமிஷமே மத்த பதினொரு ஃபைல்ல இருக்கற ரிக்வயர் எல்லாம் செல்லாது. ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்ற டிர்நேம் காணாமப் போச்சு. பக்கத்து ஃபைலைக் கூப்பிடக்கூட .ஜேஎஸ்னு வால் ஒட்டணும். கோடுல தப்பு பாக்கற ஈஎஸ்லிண்ட்டோட கான்ஃபிக் ஃபைல் பழைய முறையிலயே ஓட, அதுக்கு .சிஜேஎஸ்னு பேர் மாத்தினேன். கிட்ல டிஃப் (மாறின வரிகளோட பட்டியல்) எடுத்தா 63 வரி.

செந்நிரல்:
அது உங்க பழைய வீட்டுக்கு வெள்ளையடிச்ச செலவு. சாக்குக்கு ஒரு வரிதான். மத்ததெல்லாம் சாக்கு.

பழையசோறு:
தாலி மட்டும்தான் கணக்கு, பந்தியும் மண்டபமும் உங்க பாடுன்னு சொல்ற மாதிரி இருக்கு. 63 எங்க, 1 எங்க?

தேங்காய்ச்சில்:
டைனமிக் இம்போர்ட் (ஓடறப்பவே லோட் பண்றது) போட்டா மத்த ரிக்வயர் எதையும் தொட வேணாமே?

பழையசோறு:
அது ப்ராமிஸ்ல, அதாவது 'அப்புறமா வரும்'ங்கற வாக்கா, தரும். அது வர்ற வரைக்கும் காத்திருக்கற அவெய்ட்டை காமன்ஜேஎஸ்ல ஃபைல் மேல்மட்டத்துல போட முடியாது. அப்ப மெயின் முழுக்க அசிங்க் ஃபங்ஷனுக்குள்ள போகணும். அது எத்தனை வரி? செந்நிரலைக் கேளுங்க, ஒண்ணும்பார்.

நிரல்நேசன்:
லைப்ரரி, கமாண்ட்லைன்... நிரலகம், கட்டளைவரின்னு எழுதினா கை சுளுக்கிக்குமா?

தேங்காய்ச்சில்:
போன மாசம் நிரற்தொகுப்புன்னீங்க. எந்த வெர்ஷன் ஐயா இது?

நிரல்நேசன்:
கலைச்சொல் வளரும். கிண்டல்தான் வளராது.

செந்நிரல்:
விஷயத்துக்கு வரேன். ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டற நோட் இருக்கே, 2024 டிசம்பர்ல வந்த அதோட 22.12-ல, ரிக்வயரே ஈஎஸ் மாட்யூலை ஏத்துக்குது. ஓட்டறப்ப தனியா ஃபிளாக்கும் (ஆப்ஷன்) வேணாம். பழைய வரி கடைசியில .டிஃபால்ட்னு சேர்த்தா முடிஞ்சுது. ஒரு வரி! அதுலயும் பாதி!

பழையசோறு:
சாக் 5 வந்தது 2021 நவம்பர். மூணு வருஷம் கழிச்சு நோட் மனசு இறங்கினதால உங்க வாக்கு பலிச்சுது. எங்க ஆபீஸ் சர்வர்ல இன்னும் நோட் 18. அதுல எந்த வரி? டைப்ஸ்கிரிப்டோ பில்ட் டூலோ வெச்சிருந்தா இப்போதைக்கு 4-லயே இருங்கன்னு சாக்கோட ரீட்மீயே சொல்லுச்சு. அவங்களையும் புரோகிராம் எழுத வேணாம்னு சொல்லிடலாமா?

செந்நிரல்:
நோட் 18-க்கு ஆதரவு 2025 ஏப்ரல்ல முடிஞ்சுது. பழையசோறுன்னு பேர் வெச்சதுக்காக சர்வரையுமா ஊறப்போடுவாங்க?

பழையசோறு:
நீங்க டயப்பர் கட்டினப்ப நான் பெர்ல்ல டூல் எழுதினவன்.

செந்நிரல்:
வயசையும் வரிக்கணக்குல சேர்த்துத்தான் 63 வந்துச்சா? முன்னாடி இங்க போட்ட டைம்ஸோன் சண்டையிலயும் இதேதான், தோத்ததும் பெர்ல் வரும்.

பழையசோறு:
அதுல யார் தோத்தான்னு படிச்சவங்களுக்குத் தெரியும்.

மோர்மிளகாய்:
2025 செப்டம்பர் ஞாபகம் இருக்கா? சாக் 5.6.1-ல கிரிப்டோ திருடற கோடை ஏத்திட்டாங்க. 4-ல இருந்தவன் நிம்மதியா தூங்கினான்.

செந்நிரல்:
பராமரிக்கறவரோட அக்கவுண்ட்டை ஃபிஷிங் மெயில்ல பிடிச்சாங்க. டீபக்ங்கற லைப்ரரியும் சேர்த்து 18 பேக்கேஜ் மாட்டுச்சு. அதுக்கும் ஈஎஸ் மாட்யூலுக்கும் என்ன சம்பந்தம்?

பழையசோறு:
சம்பந்தம் இல்லதான். ஆனா நான் தூங்கினேன்.

தேங்காய்ச்சில்:
சண்டையே வேணாம். கலர் குடுக்க நோட்லயே யூடில்.ஸ்டைல்டெக்ஸ்ட் இருக்கு. சாக்கைத் தூக்கிப் போடுங்க.

பழையசோறு:
அது 20.12-ல வந்தது. என் சர்வர் 18. எத்தனை தடவை சொல்றது?

மோர்மிளகாய்:
அண்ணே, அந்த 63-ல காலி வரியும் சேர்த்தியா?

பழையசோறு:
காலி வரி நாலு. எடுத்துட்டா 59. செந்நிரல், 59-ஐ ஒண்ணாக்கிக் காட்டுங்க.

செந்நிரல்:
மொதல்ல 63, இப்ப 59. இப்படியே எண்ணிட்டு வாங்க, ஒண்ணுல வந்து நிக்கறப்ப கூப்பிடுங்க.

பழையசோறு:
டிஃபை முழுசா ஒட்டறேன். இருங்க.