கோல்டன்ராடுக்குப் பொற்கோல் வேண்டாம், விரலி மஞ்சள் இருக்கிறது

நண்பர்களுக்கு வணக்கம்.

இணையப் பக்கங்களில் பயன்படும் ஆங்கில நிறப் பெயர்களின் தமிழாக்கத்தில், ‘கோல்டன்ராட்’ என்ற மங்கிய பொன்மஞ்சளுக்குப் ‘பொற்கோல்’ என்று வந்திருக்கும் பரிந்துரையைப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அது ஒரு செடியின் பெயர். வட அமெரிக்காவில் கோடை முடியும் சமயத்தில் வயலோரமெல்லாம் பூத்துக் கிடக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பெயரைக் கேட்டதுமே நிறம் கண்ணில் வந்துவிடும். பொற்கோல் என்றால் நமக்கு அரசன் கையில் இருக்கும் கோல்தான் தெரிகிறது, நிறம் தெரிவதில்லை. நிறத்துக்கு வைக்கும் பெயர் நிறத்தைக் காட்டாவிட்டால் அந்தப் பெயரால் என்ன பயன்?

இந்த நிறப்பெயர்ப் பட்டியல் 1980களில், கணினித் திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டம் என்ற மென்பொருளுக்காக அமெரிக்காவில் தொகுத்தது. அதிலிருந்துதான் இணையப் பக்கங்களின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸுக்கு வந்தது. இன்றைக்கு அதில் 140க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. சிவப்பிலும் நீலத்திலும் நமக்குப் பெரிய சிக்கல் இல்லை. மஞ்சளில்தான் மாட்டிக்கொள்கிறோம். ஒன்றை ஒட்டி ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு நிறங்கள் நிற்கின்றன. நாமோ வெளிர், இளம், மென், அடர், கரு என்ற ஐந்து அடைகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்கப் பார்க்கிறோம்.

இதில் ‘அடர் மஞ்சள்’ என்ற சொல்லை நாம் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம் சொல்கிறேன். திரையில் ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் அளவாக, 0 முதல் 255 வரையான மூன்று எண்களில் சொல்வார்கள். மஞ்சள் என்பது சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0. இதை அப்படியே பாதியாக இருட்டாக்கினால் 128, 128, 0. அந்த நிறத்துக்கு அதே பட்டியலில் பெயர் ஆலிவ். கிணற்றுப் படியில் படிந்த பாசி மாதிரி இருக்கும், யாரும் அதை மஞ்சள் என்று சொல்ல மாட்டார்கள். சிவப்பை இருட்டாக்கினால் அடர் சிவப்பு வருகிறது, நீலத்தை இருட்டாக்கினால் அடர் நீலம் வருகிறது. மஞ்சள் மட்டும் இருட்டானால் வேறு நிறமாகிவிடுகிறது. பட்டியலில் டார்க் ரெட், டார்க் கிரீன், டார்க் புளூ, டார்க் ஆரஞ்சு எல்லாம் உண்டு, டார்க் எல்லோ என்று ஒன்று கிடையாது.

போன தை மாதம் ஒரு விழா அழைப்பிதழுக்காக அச்சகத்தில் உட்கார்ந்திருந்தேன். “அண்ணே, மஞ்சளைக் கொஞ்சம் அடர்த்தியா வைங்க” என்றேன். அவர் கறுப்பைக் கொஞ்சம் ஏற்றினார். அட்டை முழுக்கப் பச்சையும் பழுப்புமாக, மழையில் நனைந்து காய்ந்த தாள் போல ஆகிவிட்டது. இன்னொரு முறை கறுப்பை மாற்றிப் பார்த்தார், அதே கதைதான். அப்புறம் எனக்குத் தோன்றி, “மாம்பழக் கலர் வேணும்ண்ணே” என்றேன். “அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே தம்பி” என்று கறுப்பை எடுத்துவிட்டு மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மையை லேசாகக் கூட்டினார். நான் நினைத்தது அப்படியே வந்துவிட்டது.

அடர் மஞ்சள் என்று நாம் வாயால் கேட்பது, பெரும்பாலும் இருட்டை அல்ல, சிவப்புப் பக்கம் ஓர் எட்டு நகர்வதை. இந்த நகர்வுக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். ஒரு நிறம் சிவப்பா, மஞ்சளா, நீலமா என்பதைச் சொல்லும் ‘ஹியூ’வுக்குச் ‘சாயல்’ என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம். “பிள்ளை அப்பா சாயல்” என்கிறோம், “நீலச் சாயல் அடிக்கிறது” என்கிறோம். அது லேசாக ஒட்டியிருப்பதைச் சொல்லும் நல்ல சொல், அது அந்த வேலையையே பார்க்கட்டும். ஹியூ என்பது நிறவட்டத்தில் பாகையால் அளப்பது. அதற்கு ‘நிறக்கோணம்’ என்று வைக்கலாம் என்று முன்மொழிகிறேன். மஞ்சளின் நிறக்கோணம் 60 பாகை, கோல்டு ஏறக்குறைய 51, கோல்டன்ராட் 43, ஆரஞ்சு 39 என்று சொல்லும்போது எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது.

நிறக்கோணத்தைப் பார்த்தால் ஆங்கிலப் பெயர்களில் உள்ள ஒரு குழப்பமும் வெளியே வருகிறது. ‘பேல் கோல்டன்ராட்’ என்பதை நாம் ‘வெளிர் பொற்கோல்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். அதன் நிறக்கோணம் 55. கோல்டன்ராடை வெளுத்தால் அது வராது. 54இல் இருக்கும் காக்கியைத்தான் அது ஒட்டி நிற்கிறது. பெயரைப் பெயர்த்தால் அந்தத் தவறும் கூடவே வருகிறது. நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் வராது.

காக்கி என்றதும் இன்னொன்று. நமக்குக் காக்கி என்றால் போலீஸ் சட்டை. பட்டியலில் இருக்கும் காக்கியோ 240, 230, 140. அது காய்ந்த வைக்கோலின் வெளுத்த மஞ்சள். இதைத் தமிழில் காக்கி என்றே விட்டால், போலீஸ் சட்டையை நினைத்துச் சொடுக்குகிறவர் வைக்கோலைப் பெறுவார். ‘வைக்கோல் மஞ்சள்’ என்று வைத்துவிடலாம், பேல் கோல்டன்ராட் ‘வெளிர் வைக்கோல்’ ஆகட்டும். இரண்டும் தங்கள் இடத்தில் பொருந்திவிடும்.

‘கடுகு மஞ்சள்’ என்ற பரிந்துரையையும் இதே காரணத்தால் ஏற்க முடியவில்லை. அரைத்துக் குழைத்த கடுகைத் தொட்டுக்கொள்ளும் ஊர்களில் அந்தப் பெயர் பிறந்தது. நம் அஞ்சறைப்பெட்டியில் கடுகு கறுப்பாக இருக்கிறது. ஜவுளிக்கடையில்கூட ‘மஸ்டர்ட்’ என்றுதான் சொல்கிறார்கள், கடுகுக் கலர் என்று கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். அதே கடையில் மாம்பழக் கலர், எலுமிச்சங் கலர், சந்தனக் கலர் என்று கேட்டுப் பாருங்கள், கை நேராகச் சரியான அடுக்குக்குப் போகும். புடவை எடுக்கப் போகும் நம் அம்மாக்களிடமும் நெசவு செய்கிறவர்களிடமும் இருக்கும் இந்தச் சொற்களைத்தான் நாம் முதலில் எடுக்க வேண்டும். கூகுளின் வடிவமைப்பு நெறியான மெட்டீரியல் டிசைனில் 255, 193, 7 என்று வரும் ஆம்பருக்கு மாம்பழ மஞ்சளைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, கோல்டன்ராடுக்கு வருவோம். 218, 165, 32. இதைத் திரையில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். கொன்றைப்பூவின் படம் பளிச்சென்று தனியே நின்றது, அது கோல்டுக்குத்தான் பக்கம். ஆவாரம்பூவும் அப்படியே. கடைசியில் பொருந்தியது, அரைக்காத காய்ந்த மஞ்சள். மேலே லேசாக மங்கல், உள்ளே ஆரஞ்சை நோக்கிய சூடு, வெயில் படும் பக்கத்தில் பொன். ஈரோட்டுச் சந்தையில் இதை விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள் என்று பிரித்துத்தான் விலை வைக்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த மஞ்சள் அது. நிறத்துக்கே பெயர் கொடுத்த பொருளின் வகைப்பெயர் நம்மிடம் இருக்கும்போது பொற்கோல் எதற்கு? கோல்டன்ராட் ‘விரலி மஞ்சள்’, அதே 43 பாகையில் இருட்டாக நிற்கும் டார்க் கோல்டன்ராட் ‘கருவிரலி’.

‘மஞ்சளே கிழங்கின் பெயர்தானே, அப்படியானால் வெறும் மஞ்சள் என்பதையே இந்த நிறத்துக்குக் கொடுத்தால் என்ன?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நானும் 255, 255, 0ஐப் பார்க்கும்போதெல்லாம் இது மஞ்சள் அல்ல, பழுத்த எலுமிச்சை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடம் முதல் போக்குவரத்து விளக்கு வரை மஞ்சள் பொதுப்பெயராகிவிட்டது. அதை அசைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். பொதுப்பெயர் பொதுவாகவே இருக்கட்டும்.

வெளுத்த பக்கத்துக்குப் ‘பசலை மஞ்சள்’ என்று வந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. சங்கப் பாடல்களில் பசலை, அதாவது காதலன் பிரிவால் வரும் நிற மாற்றம், பூத்த நெற்றிக்குப் பீர்க்கம்பூவை உவமை சொல்வார்கள், அவ்வளவு நுட்பமாக ஒரு நிறத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இன்று பசலை என்றால் முதலில் கீரை நினைவுக்கு வருகிறது, பச்சையாகிவிடும். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

பட்டியலில் உள்ள கார்ன்சில்க் என்ற வெளிர் நிறத்துக்குச் ‘சோளப்பட்டு’ என்று இருப்பதை உடனே மாற்ற வேண்டும். அது பட்டுத்துணி அல்ல, மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் நார். 255, 248, 220 என்ற அந்த நிறத்துக்குத் ‘தாழம்பூ’ என்று வைக்கலாமா? பூவின் மடலை விரித்தால் உள்ளே இருக்கும் வெளிறிய நிறம் இதுதான் என்பது என் நினைவு. கையில் தாழம்பூ கிடைப்பவர்கள் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். அதே பட்டியலில் உள்ள இன்னொரு வெளிர் மஞ்சளான லெமன் ஷிஃபானுக்கு இன்னும் எதுவும் பிடிபடவில்லை.