கெட்லோன் கோட்டை: வரலாற்றுப் பாடமா, டிக்கெட் வாங்கிப் பார்க்கும் வேடமா? (இணைய மன்ற விவாதம்)

சுவடிப்பூச்சி

விடுமுறை வந்தால் பாரிஸ் நகரத்து நம்மவர்களில் பலர் பிள்ளைகளைக் கெட்லோனுக்கு அழைத்துப் போகிறார்கள். திரும்பி வந்து, "பதின்மூன்றாம் நூற்றாண்டையே கண்ணால் பார்த்தோம்" என்று எழுதுகிறார்கள். அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

தெரியாதவர்களுக்காக: பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் ட்ரேஞி என்ற சிற்றூரை அடுத்த காட்டில், கைவிடப்பட்ட ஒரு கல் குவாரியில், 1997இல் ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். பழைய கோட்டையைப் பழுதுபார்க்கவில்லை. வெறும் மண்ணில் புதிதாக எழுப்புகிறார்கள். பக்கத்தில் உள்ள சேன்-ஃபார்ஜோ மாளிகையை வாங்கிச் செப்பனிட்ட மிஷேல் கியோவும், மரிலின் மர்த்தானும் தொடங்கிய வேலை அது. உளி, கோடரி, கயிறு, சுண்ணாம்பு என்று அக்காலக் கருவிகளும் முறைகளும் மட்டுமே என்பது விதி. மக்கள் சுற்றி வந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், சிறுவர்கள் கல் செதுக்கிப் பார்க்கலாம்.

சரி. ஆனால் அந்தக் கோட்டைக்கு ஒரு தலைவன் வேண்டுமே? கில்பேர் என்று ஒருவனைக் கற்பனை செய்துவிட்டார்கள். 1220களின் இறுதியில் அவன் வேலையைத் தொடங்கியதாக ஒரு கதை. வேலையாட்கள் நாட்டுப்புற அங்கி அணிந்திருக்கிறார்கள். காலைப் பார்த்தால் பாதுகாப்புக் காலணி, கல் உடைக்கும்போது கண்ணாடி. எல்லோருக்கும் மாதச் சம்பளம், காப்பீடு. பஞ்சம் இல்லை, கட்டாய ஊழியம் இல்லை, பிரபுவின் வரி இல்லை. வலியைக் கழித்துவிட்டு உழைப்பை மட்டும் காட்டினால் அது வரலாறு ஆகுமா? நன்றாகத் துவைத்துக் காயவைத்த இடைக்காலம் அது.

கட்டடக்காரன்

ஐயா, காலணியைப் பார்த்த கண் கொஞ்சம் மேலே நிமிர்ந்திருக்கலாம். நான் சிவில் பொறியாளன். அங்கே நான் பார்த்தது நாடகம் அல்ல, சோதனை.

கல்லூரியில் வளைவுக் கூரையைப் பற்றிப் படித்தோம். விசை இப்படிப் போகும், பக்கவாட்டில் இப்படித் தள்ளும் என்று கோடு போட்டோம். ஆனால் விலா வளைவுகள் கொண்ட கல் கூரைக்கு அடியில் மரத்தாலான சென்ட்ரிங்கை எப்படிச் செய்வது, கற்களை எந்த வரிசையில் ஏற்றுவது, சாந்து எந்த அளவுக்கு இறுகிய பிறகு மரத்தைப் பிரிப்பது, பிரிக்கும்போது மொத்தக் கூரையும் எவ்வளவு இறங்கி அமரும் என்பதை எந்தச் சுவடியும் படிப்படியாகச் சொல்வதில்லை. அக்காலக் கொத்தனார்கள் எழுதி வைக்கவில்லை. கையால் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கைமரபு அறுந்துவிட்டது. கட்டிப் பார்க்காமல் அதை மீட்க வேறு வழி உண்டா?

இன்னொன்று. சம இடைவெளியில் பதின்மூன்று முடிச்சுகள் போட்ட ஒரு கயிறு அவர்கள் கையில் இருக்கும். முடிச்சுகளுக்கு நடுவே பன்னிரண்டு இடைவெளிகள். மூன்று, நான்கு, ஐந்து என்று முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் மூலைமட்டம் கிடைத்துவிடும். நம் ஊர் மேஸ்திரிகள் டேப்பை வைத்து இன்றும் கடைக்கால் மூலைக்கு இதைத்தான் செய்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இவ்வளவு பெரிய கட்டடத்தை எப்படி அளந்தார் என்று என் மகள் கேட்டாள். கயிற்றை அவள் கையிலேயே கொடுத்தார்கள், கேள்வி தீர்ந்தது. வகுப்பறையில் இதற்கு ஒரு மணி நேரம் ஆகும், அப்போதும் புரிந்திருக்காது.

சுவடிப்பூச்சி

கயிறும் மூலைமட்டமும் எனக்கும் பிடிக்கும். நான் கேட்பது வேறு.

வேல்ஸில் பியூமாரிஸ் கோட்டை இருக்கிறது. 1295இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் தொடங்கியது. அதைக் கட்டிய தலைமைக் கொத்தர் ஜேம்ஸ், அடுத்த ஆண்டு அரசுக் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கல் வேலைக்காரர்கள் 400 பேர், மற்ற வேலையாட்கள் 2,000 பேர், குவாரியில் 200 பேர், கொல்லர்கள் முப்பது பேர், அவர்களோடு தச்சர்கள், கல்லும் நிலக்கரியும் கொண்டுவர வண்டிகளும் முப்பது படகுகளும் என்று கணக்குச் சொல்கிறார். சொல்லிவிட்டு, கூலி பாக்கி நிற்கிறது, ஆட்களைப் பிடித்து வைப்பதே பெரும்பாடாக இருக்கிறது, பணம் அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறார். அந்தக் கோட்டை கடைசிவரை கட்டி முடிக்கப்படவில்லை.

இடைக்காலக் கட்டுமானம் என்றால் எனக்கு அந்தக் கடிதம்தான். இரண்டாயிரம் சித்தாட்களின் கூச்சல், சேறு, கூலி வராத கோபம், சுற்றிலும் வென்றடக்கப்பட்ட மக்களின் பகை. கெட்லோனில் சில பத்துப் பேர் பறவைச் சத்தத்துக்கு நடுவே நிதானமாகக் கல் செதுக்குகிறார்கள். பிள்ளைகள் மனத்தில் எந்தக் காட்சி தங்கும்?

மறுப்பாளன்

அப்படியானால் டிக்கெட் வாங்குபவர்களுக்குக் கூலி பாக்கி வைத்துக் காட்ட வேண்டும் என்கிறீர்களா?

சுவடிப்பூச்சி

கேலி வேண்டாம். ஒரு பலகையிலாவது எழுதி வைக்கலாம் என்கிறேன்.

பாரிஸ் நிலா

நான் இந்த விவாதத்தைப் படிக்க வந்ததே போகலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தான். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு. சுவடி அண்ணா சொல்வதைப் படித்தால், போலியைக் காட்டுவதைவிட உண்மையான கோட்டைக்கே போய்விடலாம் என்று தோன்றுகிறது. கார்க்கசோன் போனால் போதுமா?

மறுப்பாளன்

அக்கா, கார்க்கசோனின் கூரான கோபுரக் கூரைகளைப் பார்த்து "ஆகா, இடைக்காலம்" என்று படம் எடுப்பீர்கள். அந்தக் கூரைகள் 19ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் வைத்தவை. 1853இல் அங்கே சீரமைப்பு தொடங்கியது. தெற்கத்திக் கோட்டைக்கு வடக்கத்திக் கூரையா என்று அவரை இன்றுவரை திட்டுகிறார்கள். பியர்ஃபோன் கோட்டை இன்னும் மோசம். இடிபாடாகக் கிடந்ததை மூன்றாம் நெப்போலியனுக்காக அவர் ஏறக்குறைய முழுக்கக் கட்டிக் கொடுத்தார்.

"உண்மையானது" என்று நீங்கள் நம்பிப் போகும் இடத்தில் எது 13, எது 19 என்று பலகை பார்க்காமல் உங்களால் சொல்ல முடியாது. கெட்லோனில் அந்தக் குழப்பமே இல்லை. எல்லாமே புதிது என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

கட்டடக்காரன்

அதோடு, மனம் போன போக்கிலும் கட்டவில்லை. பிரெஞ்சு மன்னர் பிலிப் அகஸ்ட் காலத்தில் பரவிய கோட்டை அமைப்பு ஒன்று உண்டு: மூலைக்கு ஒரு வட்டக் கோபுரம், அவற்றில் ஒன்று மட்டும் பெரிது, வாயிலுக்கு இரு பக்கமும் இரண்டு கோபுரங்கள், சுற்றி மதில். ஒரு ஜன்னல் வைப்பதற்கு முன்பும் அதே காலத்துக் கோட்டைகளுக்குப் போய் அளந்து, தொல்லியலாளர்களோடு விவாதித்துத்தான் வைக்கிறார்கள். 1220களின் கதை எதற்காக என்றால், 1250இல் வந்த ஒரு நுட்பம் அழகாக இருக்கிறது என்று யாரும் நுழைத்துவிடக் கூடாது. கில்பேர் பணக்காரன் இல்லை, சின்னத் தலைவன். ஆகவே ஆடம்பரமும் கூடாது. கற்பனைப் பிரபு உண்மையில் ஒரு கடிவாளம்.

உளிச்சத்தம்

எங்கள் குடும்பம் மாமல்லபுரத்தில் கல் வேலை செய்யும் குடும்பம். லியோனில் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது மருமகன் என்னைக் கெட்லோனுக்கு அழைத்துப் போனார். வேறு யாரும் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன்.

அங்குள்ள கல் இரும்புச் சத்து ஏறிய மணற்கல். தேன் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை ஒரே பாறையில் இருக்கிறது, கடினமும் அதற்கேற்ப மாறுகிறது. குவாரியில் இருந்தவர் பாறையைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நாங்களும் தட்டித்தான் ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கிறோம். பிறகு வரிசையாகக் குழி போட்டு, இரும்பு ஆப்புகளை இறக்கி, ஒவ்வொன்றாகச் சமமாக அடித்துக்கொண்டே போனார். அடியின் ஓசை மாறியதும் நிறுத்திவிட்டார். கல் தானாகப் பிளக்கட்டும் என்று காத்திருந்தார். மொழி தெரியாவிட்டாலும் எனக்கு எல்லாம் புரிந்தது. இது வேடம் போடுபவன் செய்யும் வேலை இல்லை, ஐயா. அவசரப்படாத கையை நடித்துக் காட்ட முடியாது.

ஆனால் ஒரு குறை. அவர் பத்து அடி அடிப்பதற்குள் யாராவது வந்து கேள்வி கேட்கிறார்கள். கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்கிறார். மறுபடி எடுக்கிறார். ஒரு கொத்தர் ஒரு நாளில் எவ்வளவு கல் செதுக்குவார் என்பதை அங்கே அளந்தால் கணக்குத் தப்பும்.

எங்கள் ஊரிலோ கிரைண்டர் வந்துவிட்டது. வித்தை அறுபடவில்லை, ஆனால் காலையில் உளிச் சத்தத்தைவிட மோட்டார் இரைச்சல்தான் அதிகம் கேட்கிறது. அவர்கள் இழந்ததைத் தேடி எடுக்கிறார்கள், நாங்கள் கையில் இருப்பதை நழுவ விடுகிறோம். யாருக்கு யார் அருங்காட்சியகம் என்று தெரியவில்லை.

சுவடிப்பூச்சி

உளிச்சத்தம் ஐயாவின் குறைதான் என் வாதத்தின் நடுப்புள்ளி. கேள்விக்குப் பதில் சொல்வது அங்கே இடையூறு அல்ல, அதுதான் வருமானம். ஆண்டுக்கு மூன்று லட்சம் பேர் அளவில் வருகிறார்கள், அந்த டிக்கெட் பணத்தில்தான் வேலை ஓடுகிறது. கால் நூற்றாண்டு தாண்டியும் முடியவில்லை என்றால், முடிந்துவிட்டால் யார் வருவார்கள் என்ற கவலையும் அதில் இல்லையா? இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் நார்மண்டியில் ஷாத்தோ-கய்யார் கோட்டையை 1196 முதல் 1198 வரைக்குள் எழுப்பி முடித்தார்.

இதே திட்டத்தின் இன்னொரு பிரதி அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 2010இல் திறக்கப்பட்டது. கூட்டம் வரவில்லை, 2012இல் இழுத்து மூடிவிட்டார்கள். ஆராய்ச்சி என்றால் கூட்டம் வராததால் நிற்குமா?

கட்டடக்காரன்

பணம் வராவிட்டால் எந்த ஆராய்ச்சியும் நிற்கும். நீங்கள் சொன்ன பியூமாரிஸே அப்படித்தானே நின்றது! அந்த வகையில் ஆர்கன்சாக் கோட்டைதான் மிகத் துல்லியமான இடைக்காலம்.

கேலி போகட்டும். 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ர்-தாம் தேவாலயக் கூரை எரிந்ததே, நினைவிருக்கிறதா? "காடு" என்று அழைக்கப்பட்ட அந்த ஓக் மரக் கூரைச் சட்டகத்தைப் பழையபடி கட்டவே முடியாது, கான்கிரீட்டோ எஃகோ வைக்கலாம் என்று பெரிய பெரிய ஆட்கள் தொலைக்காட்சியில் பேசினார்கள். அப்போது முடியும் என்று செய்து காட்டியவர்கள் தச்சர்கள். 2020இல் எல்லையற்ற தச்சர்கள் என்ற அமைப்பினர் பச்சை ஓக் மரத்தைக் கோடரியால் செதுக்கி, அந்தச் சட்டகங்களில் ஒன்றை முழு அளவில் செய்து, செப்டம்பரில் தேவாலயத்தின் முன்னாலேயே கையால் தூக்கி நிறுத்தினார்கள். பிறகு நடந்த உண்மையான வேலையில் கெட்லோனில் கை பழகிய தச்சர்கள் பலர் இருந்தார்கள். 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது.

ஏன் கோடரி என்று கேட்பவர்களுக்கு: ரம்பம் மரத்தின் நாரை வெட்டிக்கொண்டு நேராகப் போகும். கோடரிக்காரர் நாரின் போக்கிலேயே போவார். மரம் லேசாக வளைந்திருந்தால் உத்திரமும் அந்த வளைவோடு இருக்கும், நாரும் அறுபடாது. காய்ந்த ஓக் கல் மாதிரி. பச்சையாக இருக்கும்போதுதான் கோடரி ஏறும். இதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் செய்தவர்கள் ஒரு காட்டுக்குள் இருந்தார்கள். டிக்கெட் வாங்கிய குடும்பங்கள்தான் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தன.

சுவடிப்பூச்சி

நோத்ர்-தாமில் வேலை செய்தவர்கள் எல்லோரும் கெட்லோனில் முளைத்தவர்கள் இல்லை. பிரான்ஸில் தச்சர் சங்கங்களின் பயிற்சி மரபு பல தலைமுறையாக இருக்கிறது, அந்தப் பட்டறைகளும் சேர்ந்துதான் அதை முடித்தன. இருந்தாலும் கைவினைப் பள்ளி என்ற அளவில் அந்த இடத்துக்கு நான் எதிரி அல்ல. என் எதிர்ப்பு "வாழும் வரலாறு" என்ற பட்டத்துக்கு. ஒரு கல்லை எப்படித் தூக்கினார்கள் என்று அங்கே தெரியும். அந்தக் கல்லைத் தூக்க ஒருவன் ஏன் ஒப்புக்கொண்டான், ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாது. வரலாறு இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

பாரிஸ் நிலா

அண்ணா, என் மகன் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டுமென்றால் அவன் முதலில் அந்தக் கல்லைப் பார்க்க வேண்டாமா? இரண்டு பேர் பெரிய மரச் சக்கரத்துக்குள் ஏறி நடந்து நடந்து கல்லை மேலே இழுப்பதை ஒரு காணொளியில் காட்டினேன். உடனே அவன் கேட்டது, "கயிறு அறுந்தால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள்?" பாடப் புத்தகத்தைப் படித்து அவன் இப்படி ஒன்றும் கேட்டதில்லை.

மறுப்பாளன்

அக்கா போகிறார். தீர்ப்பு வந்துவிட்டது.

சுவடிப்பூச்சி

போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் போகிற வழியில் முதலில் த்ரூயி-லே-பெல்-ஃபோந்தேன் கோட்டையைப் பாருங்கள், சகோதரி. காரில் அரை மணி நேரத் தொலைவுதான். 1217இல் கான்ஸ்டாண்டினோபிளின் லத்தீன் பேரரசராக முடிசூட்டப்பட்ட பியேர் த கூர்த்தனேயின் கோட்டை அது. பாதி இடிந்து நிற்கிறது. நிஜமான சுவரை முதலில் தொட்டுவிட்டுப் பிறகு புதுச்சுவருக்குப் போனால் பிள்ளைகளுக்கு வேறுபாடு தெரியும்.

கட்டடக்காரன்

நான் தலைகீழாகச் சொல்வேன். முதலில் கெட்லோன், மாலையில் த்ரூயி. சாரக்கட்டைக்கு விட்ட ஓட்டை எது, கூரை விலாவின் அடிக்கல் எது என்று கெட்லோனில் பார்த்த பிறகுதான் இடிந்த சுவரில் உள்ள ஒவ்வொரு குழியும் எதற்கு என்று பிள்ளைகளே சொல்வார்கள். முதலில் இடிபாட்டைக் காட்டினால் அவர்களுக்கு அது வெறும் கல்குவியல்.

நிலா சகோதரி, ரயிலில் போக முடியாது, கார் வேண்டும். பாரிஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், உறைபனியில் சுண்ணாம்புச் சாந்து கெட்டுவிடும் என்று அக்காலத்திலும் சுவர்களை வைக்கோலால் மூடிவிட்டு வேலையை நிறுத்தினார்கள். ஆகஸ்ட் கூட்டத்தில் போனால் உளிச்சத்தம் ஐயா சொன்ன தொல்லைதான். முடிந்தால் ஜூனில் ஒரு வார நாளில் போங்கள். மழை பெய்திருந்தால் பழைய காலணி போதும்.

சுவடிப்பூச்சி

முதலில் த்ரூயி. மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பாரிஸ் நிலா

காலையில் பிள்ளைகள் எந்த நேரத்துக்கு எழுகிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்துகொள்கிறேன், அண்ணா.