ஆளுமை வினாத்தாளில் 84 வந்திருக்கிறது, இதை எப்படிப் படிப்பது?

நொய்யல்கரை கேட்டது:

வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், பையர்களோடு (வாங்கும் நிறுவனத்தாரோடு) பேசி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன வருடம் அலுவலகப் பயிற்சியில் எம்பிடிஐ போல, ஆட்களை நான்கு எழுத்து வகைகளாகப் பிரிக்கும் ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். எனக்கு ஐஎஸ்டிஜே வந்தது. இந்த வருடம் அதே தேர்வில் ஈஎஸ்டிஜே, அதாவது முதல் எழுத்து உள்முகத்திலிருந்து வெளிமுகமாகிவிட்டது. பயிற்சி கொடுத்தவர் "நீங்கள் மாறிவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். நான் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. அதே வேலை, அதே ஷிப்மென்ட் பதற்றம்.

சரி என்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 120 கேள்வி வினாத்தாளை எழுதிப் பார்த்தேன். ஐந்து பண்புகளுக்கு மதிப்பெண் தருகிறது. பொறுப்புணர்வு 71. நியூரோட்டிசிசம், அதாவது கவலை, பதற்றம் போன்றவற்றுக்கு எளிதில் ஆளாகும் தன்மை, 84. அந்த 84-ஐப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. என் அக்காவோ, "அப்பா ஐசியூவில் இருந்தபோது எல்லோரும் அழுதோம், நீ ஒருத்தன்தான் நிதானமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாய், இந்த எண்ணே தப்பு" என்கிறாள்.

84 என்றால் ஏதாவது நோயா? பையரோடு பேசும் வேலையை விட்டுவிட்டு சாம்பிள் பிரிவுக்குப் போகலாமா என்று வேறு யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை இந்த எண்ணை வைத்து முடிவு செய்யலாமா?

அளவுகோல் எழுதியது:

கல்லூரியில் உளவியல் அளவீடு பாடம் எடுத்தவள் நான். முதலில் பயத்தை எடுத்துவிடுகிறேன். 84 என்பது நோயின் அளவு அல்ல. நீங்கள் 84 சதவீதம் பதற்றக்காரர் என்றும் அர்த்தம் இல்லை. ஒப்பிட எடுத்துக்கொண்ட கூட்டத்தில் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் சுமார் 84 பேர் உங்களுக்குக் கீழே நிற்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கூட்டம் யார் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பெரும்பாலும் ஆங்கிலத்தில், இணையத்தில், தாமாக வந்து எழுதியவர்கள். திருப்பூர் மெர்ச்சண்டைசர்களை மட்டும் வரிசையில் நிறுத்தினால் உங்கள் இடம் நடுவில்கூட இருக்கலாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போகிறதென்றால் அது வேறு விஷயம், மருத்துவரைப் பாருங்கள். அதைக் கண்டுபிடிப்பது இந்த வினாத்தாளின் வேலை அல்ல.

எழுத்து மாறியதற்குக் காரணம் எளிது. அந்த வகைத் தேர்வு ஒவ்வொரு பண்பையும் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாக வெட்டுகிறது. மனிதர்களில் அதிகம் பேர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். இரண்டு கேள்விகளுக்கு அன்றைய மனநிலையில் வேறு பதில் சொன்னாலே எழுத்து மாறிவிடும். "மாறிவிட்டீர்கள்" என்று ஒரு பயிற்சியாளர் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஐந்து பண்பு வினாத்தாள்கள் இப்படி வெட்டுவதில்லை, அளவாகவே விடுகின்றன. எம்பிடிஐ, உளவியலாளர் யுங் 1921-இல் எழுதிய வகைப்பாட்டிலிருந்து வளர்ந்தது. ஐந்து பண்புகள் வேறு வழியில் வந்தன. 1936-இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற உளவியலாளர்கள் ஆங்கில அகராதியிலிருந்து மனிதர்களை விவரிக்கும் கிட்டத்தட்ட 18,000 சொற்களைத் திரட்டினார்கள். அவற்றில் எவை சேர்ந்தே வருகின்றன என்று பிறகு வந்தவர்கள் பல பத்தாண்டுகள் கணக்குப் போட்டுப் பார்த்ததில் கிடைத்தவை இவை.

இப்போது அக்கா சொன்னதற்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். உங்கள் வினாத்தாளில் ஒவ்வொரு பண்புக்கும் ஆறு உட்பிரிவு, ஒவ்வொரு உட்பிரிவுக்கும் நான்கு கேள்வி. நியூரோட்டிசிசத்துக்குள் கவலை, கோபம், சோர்வு, கூச்சம், ஆசையை அடக்க முடியாமை, நெருக்கடியில் தளர்ந்துபோவது என்று ஆறு இருக்கின்றன. முன்கூட்டியே கவலைப்படுவதும் நெருக்கடி வந்ததும் தளர்வதும் தனித்தனி. முதலாவது அதிகமாகவும் கடைசி குறைவாகவும் இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு எண்களையும் திறந்து பாருங்கள். அக்காவையும் உங்களைப் பற்றி அதே கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். உளவியல் ஆய்வாளர் சிமின் வசீர் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உள்ளுக்குள் நடக்கும் பதற்றம் போன்றவற்றை நாமே நன்றாக அறிவோம். புத்திசாலித்தனம் போல நம் மதிப்பு சம்பந்தப்பட்டவற்றை நெருங்கியவர்கள் நம்மைவிடச் சரியாகச் சொல்கிறார்கள். அதனால் கவலை விஷயத்தில் உங்கள் பதிலுக்கே எடை அதிகம்.

மனிதவளம்_கோவை எழுதியது:

இருபது வருடமாக எச்ஆரில் இருக்கிறேன். தயவுசெய்து அந்த அறிக்கையை அலுவலகத்தில் யாரிடமும் கொடுக்காதீர்கள். எம்பிடிஐயை வெளியிடும் நிறுவனமே ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஆனாலும் நடக்கிறது.

அப்புறம், எண்களுக்குக் கீழே வரும் பத்தியை நம்பாதீர்கள். 1948-இல் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேரிடம் ஆளுமைத் தேர்வு நடத்தி, எல்லோருக்கும் ஒரே பத்தியைத் தனித்தனி முடிவு போலக் கொடுத்தார். பெரும்பகுதி சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு மாணவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 போட்டார்கள்.

நொய்யல்கரை எழுதியது:

திறந்து பார்த்துவிட்டேன். கவலை 95, கூச்சம் 90, நெருக்கடியில் தளர்வது 35! அக்கா எழுதியதிலும் கடைசி குறைவுதான். ஆனால் நான் இவ்வளவு கவலைப்படுவேன் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. நேற்று ராத்திரி ரொம்ப நேரம் பேசினோம். சாம்பிள் பிரிவு விஷயம் மட்டும் சொல்லுங்கள் மேடம்.

அளவுகோல் எழுதியது:

அக்காவோடு பேசியதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

பிரிவை மாற்றுவதற்கு 84 உதவாது, அந்த உட்பிரிவுகள் கொஞ்சம் உதவும். உங்களை அதிகம் வாட்டுவது பையரோடு தொலைபேசியில் பேசும்போது வரும் கூச்சமா, தேதி தவறிவிடுமோ என்ற கவலையா? கூச்சம் என்றால் சாம்பிள் பிரிவில் நிம்மதி கிடைக்கலாம். கவலை என்றால் அங்கேயும் தேதி உண்டு, நீங்கள் பார்த்ததுதானே. ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத ஒரு மாதத்தில் இதே வினாத்தாளை இன்னொரு முறை எழுதுங்கள். பழைய பதில்களைப் பார்க்காமல் எழுதுங்கள். அப்போதும் கூச்சம் இதே இடத்தில் நின்றால் மேலாளரிடம் பேசலாம். எண்ணைச் சொல்ல வேண்டாம், எந்த வேலை உங்களுக்குச் சிரமமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.