காது கிழிஞ்ச செந்நாய்

வால்பாறையில, மிருகம் கடந்தா தானா படம் எடுக்கிற தானியங்கிக் கேமரா கட்டுற வேலைக்கு ஒரு சீசன் உதவிக்குப் போயிருந்தேன். ஊரைச் சுத்தி எங்க பார்த்தாலும் தேயிலை. நடுநடுவே தீவு மாதிரி சோலைத் துண்டுகள், நாப்பதுக்கும் மேல. அதுக்கப்புறம் ஆனைமலைப் புலிகள் காப்பகம். ஒரு துண்டுலேர்ந்து அடுத்ததுக்குப் போக எந்த மிருகமா இருந்தாலும் தேயிலைக்குள்ள இறங்கித்தான் ஆகணும்.

கேமராவை முழங்கால் உயரத்துல, பாதையோட ரெண்டு பக்கமும் எதிரெதிரா கட்டுவோம். புலிக்கு இடது பக்கக் கோடு வேற, வலது பக்கக் கோடு வேற. ரெண்டும் கிடைச்சாத்தான் இது எந்தப் புலின்னு பிரிக்க முடியும். 2018 புலிக் கணக்கெடுப்புல நாடு முழுக்க 26,838 இடத்துல வச்சு மூணரைக் கோடிப் படம் எடுத்தாங்க. புலிப் படம் 76,651தான். மிச்சம் என்னவா இருக்கும்னு என் முதல் கார்டைத் திறந்ததும் புரிஞ்சுபோச்சு. வெயில்ல ஆடுற புல்லு, மாடு, கொழுந்து பறிக்கப் போற அக்காக்கள், என் சொந்த முட்டி.

எங்களோட வந்த, காடர் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் பதினஞ்சு நாள் பொறுத்தார். அப்புறம் ஒண்ணும் பேசாம ரெண்டு தடம் சேர்ற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனார். குவியல் குவியலா எச்சம், அத்தனையிலும் கடமான் முடி. “செந்நாய் கூட்டமா வந்து இங்கதான் வெளிக்கு இருக்கும் தம்பி.” அங்க கேமரா கட்டின மூணாம் நாளே ஏழு செந்நாய், பட்டப்பகல்ல.

சந்தோஷம் ஒரு வாரம்தான். அடுத்த சோலையில அஞ்சு வந்துச்சு. அதே கூட்டமா, வேறயா? கோடும் இல்ல, புள்ளியும் இல்ல, எல்லாம் ஒரே செம்பட்டை. உலகத்துலயே வளர்ந்த செந்நாய் 2,500-க்குள்ளதான்னு உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். கணிப்பு, நான் அஞ்சையும் ஏழையும் கூட்டுறதா வேண்டாமான்னு தெரியாம உக்காந்திருந்தேன். காது கிழிஞ்ச ஒண்ணை வச்சுத்தான் கொஞ்சமாவது பிரிச்சோம்.

* * *

நீங்க குடுத்து வச்சவங்க அண்ணே. முதுமலைப் பக்கம் நாங்க கட்டினதை யானை இரும்புப் பெட்டியோட பிடுங்கிப் போட்டுருச்சு. கடைசிப் படம் தும்பிக்கை ஓட்டை மட்டும்.

* * *

நான் எஸ்டேட் லைன் வீட்டுல பொறந்தவ. விறகுக்குப் போறப்ப அந்தப் பெட்டி கண்ணுல பட்டா அம்மா சுத்திப் போவாங்க. படம் யார் கைக்குப் போகுமோன்னு பயம். ஒருத்தரும் வந்து சொல்லலையே.

* * *

அது எங்க தப்புதான் அக்கா. ஆள் படத்தையெல்லாம் அன்னன்னிக்கே அழிச்சிடுவோம், ஆனா அதை உங்ககிட்ட வந்து சொன்னதில்ல. பின்னாடிதான் லைன் வீட்டுக்குப் போய் கார்டுல இருக்கறதைக் காட்ட ஆரம்பிச்சோம்.

* * *

சரி விடுங்க தம்பி. அந்தக் காது கிழிஞ்சதை எங்கம்மாவும் பார்த்திருக்காங்க. பேக்டரிக்குப் பின்னாடி ஓடையைத் தாண்டுச்சாம், கூட நாலு குட்டி. செந்நாய் விசிலடிக்கிற மாதிரிதானே கூப்பிடும், அந்தச் சத்தம் கேட்டு யாரோ பசங்கன்னு நினைச்சுத் திரும்பிப் பார்த்தாங்களாம்.

* * *

குட்டியா? அக்கா, எந்த மாசம்? கிழிஞ்சது எந்தப் பக்கத்துக் காதுன்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க.