ஆட்டோ சோக்கும் பக்கத்து வீட்டு வேட்டியும்

பாளை பீட்டில்:
மார்கழிக் காலையில் வண்டி எடுக்க மாட்டேன் என்கிறதே என்று வண்ணார்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். பீட்டில் கார், சோலெக்ஸ் 30 பிக்ட் கார்புரேட்டர். எஞ்சின் ஆறிக் கிடக்கையில் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்ட ஒரு தகடு மூடும், சூடேறினால் தானே திறக்கும், அதுதான் ஆட்டோ சோக். அவர் சோக் மூடியின் மூன்று ஸ்குரூவையும் தளர்த்தி, கடைசி வரை திருப்பிவிட்டு, "இனி ஒரே செல்ஃப்ல எடுக்கும்" என்றார். எடுத்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சூடேறின பிறகும் கரும்புகை நிற்கவில்லை. ஒருநாள் ரிவர்ஸ் எடுக்கையில் இரண்டு குழாயும் துப்பியதில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி முழுக்கக் கரும்புள்ளி. அவர் சத்தம் போடவில்லை, வேட்டியை விரித்துக் காட்டி, "தம்பி, இது வண்டியா ரைஸ் மில்லா?" என்றார். இன்னும் அவர் வீட்டைத் தாண்டும்போது கூசுகிறது.

அம்பை அம்பாசிடர்:
நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குய்யா ஆட்டோ சோக்? தகட்டைத் திறந்தபடி கம்பியால் கட்டிவிடுங்கள். என் வண்டியில் கையால் இழுக்கிற குமிழ்தான், ஒரு தொல்லை இல்லை. பாபநாசம் ரோட்டில் ஒரு பீட்டிலைத் தள்ளிவிட்டேன், ஓட்டியவர் இறங்காமல் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார், பெட்ரோல் நாத்தம் தாங்கலை.

தென்காசிக்காரன்:
அம்பை அண்ணாச்சி பேச்சைக் கேட்டு யாரும் கம்பி கட்டாதீர்கள். குற்றாலச் சாரலில் விடியக்காலம் செல்ஃப் அடித்தே பேட்டரி உட்கார்ந்துவிடும். அங்கே ஒரு லாட்ஜ் வாசலில் என் வண்டி சூடேறியும் ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், இறங்கவில்லை. ஏர் கிளீனரைக் கழற்றினால் தகடு மூடியே கிடக்கிறது, சோக் மூடியைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. ஒயர் கழன்று தொங்குகிறது, அவ்வளவுதான்.

பாளை தம்பி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இக்னிஷன் போட்டதும் கரண்ட் வந்து உள்ளே இருக்கும் பைமெட்டல் சுருள் (இரண்டு உலோகம் ஒட்டிய, சூட்டில் வளையும் பட்டை) சூடானால்தான் தகடு திறக்கும், அதனால் முதலில் ஒயரைப் பாருங்கள். அப்புறம் ராத்திரி முழுக்க ஆறின எஞ்சினில் மட்டும் கை வையுங்கள். ஆக்சிலரேட்டரை ஒருதடவை மிதித்து விட்டால்தான் ஐடிலைத் தூக்கும் படிக்கட்டு கேம் விலகி தகடு மூடும். மூடியில் உள்ள வெட்டுக்குறியை கார்புரேட்டரில் உள்ள நடுக்கோட்டுக்கு நேராக வைத்து, தகடு எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துக்கொண்டே துளித்துளியாகத் திருப்பணும். ஸ்டார்ட் செய்த சில நிமிஷத்தில் தகடு நிமிர்ந்து நிற்கணும். பழைய 6 வோல்ட் வண்டியில் யாராவது 12 வோல்ட் மூடியை மாட்டியிருந்தாலும் மெதுவாகத்தான் சூடாகும், அதையும் பாருங்கள்.

வள்ளியூர்:
எல்லா ஆட்டோ சோக்கும் கரண்டில் ஓடுவதில்லை அண்ணாச்சி. மாமாவின் பழைய பென்ஸில் எஞ்சின் வெந்நீர்தான் சுருளைச் சூடாக்கும். வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், எங்கள் பக்கத்து உப்பு தெரியுமே. கழற்றினால் வெந்நீர் வரும் வழி முழுக்க வெள்ளையாக அடைத்துக் கிடக்கிறது, மாமா ஸ்குரூடிரைவரால் சுரண்டிச் சுரண்டி உள்ளங்கையில் குவிக்கிறார். அதில் ஒயரைத் தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.