துபாய்க்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு: எங்கே சாப்பிடலாம்?

அடுத்த மாதம் துபாயில் வேலைக்குச் சேரப்போகும் என் அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரி வீட்டுக்கு வந்திருந்தான். வாடகை, விசா எதுவும் கேட்கவில்லை. "மாமா, அங்கே சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்றான். எட்டு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவன் நான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன், சென்னையிலிருந்து கிளம்பும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒரு வார்த்தை விஷயம். நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம். அங்கே டாக்சிக்காரரிடம் "நல்ல ஹோட்டலுக்குப் போங்க" என்றால் தங்கும் விடுதி வாசலில் இறக்கிவிடுவார். ரெஸ்டாரண்ட் என்று சொல்லுங்கள். டீ, சாண்ட்விச், பரோட்டா என்றால் கஃபெட்டேரியா. பெரும்பாலும் மலையாளிகள் நடத்துவது, நம் ஊர் டீக்கடைக்கு அங்கே அதுதான் ஈடு. ஏலக்காய் மணக்கும் கரக் டீயைக் காருக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

நம் ஆட்கள் முதலில் கரை ஒதுங்குவது கராமா என்ற பகுதியில்தான். சரவண பவன், அஞ்சப்பர் எல்லாம் அங்கேயே உண்டு. முதல் மாதம் தாராளமாகப் போங்கள், வீட்டு நினைப்பு வந்தால் எப்போதும் போங்கள். ஆனால் என் அறைத்தோழர் ஒருவர் இரண்டு வருடம் அந்த நாலு தெருவைத் தாண்டாமல் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு, "துபாய்ல சாப்பாடு ஒண்ணும் சரியில்லப்பா" என்று ஊர் திரும்பினார். அந்த வடையையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடிதான் சாப்பிடுவார். முதல் சம்பளம் வந்ததும் ரூபாய்க் கணக்கை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் எதுவும் தொண்டையில் இறங்காது. அதே கராமாவில் கோழிக்கோட்டு பாரகன் இருக்கிறது. 1939இல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த கடையின் கிளை. மாங்காய் போட்ட மீன் குழம்பும் ஆப்பமும் கேளுங்கள்.

அடுத்து சத்வா என்ற பகுதி. அங்கே ரவி ரெஸ்டாரண்ட் என்று ஒரு பாகிஸ்தானிக் கடை, 1978இலிருந்து நடக்கிறது. குளிர்காலத்தில் வெளியே பிளாட்பாரத்தில் மேசை போடுவார்கள். தால் ஃப்ரையும் சுடச்சுட ரொட்டியும் போதும், சைவக்காரர்களும் வயிறு நிறைய எழுந்திருக்கலாம். அதே 1978இல் பர் துபாய் பக்கம் தொடங்கியது அல் உஸ்தாத் என்ற ஈரானிய கபாப் கடை. சுவர் முழுக்கப் போட்டோக்கள், மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஊர் ஊராக வந்தவர்கள் விட்டுப்போன ரூபாய் நோட்டும் ரியாலும். தயிரில் ஊறவைத்துச் சுட்ட கபாப்பைச் சோற்றில் வெண்ணெய் போட்டுப் பிசைந்து சாப்பிடுவது நமக்கு ஒன்றும் அந்நியமாக இருக்காது. சாப்பிட்டுவிட்டு, ஊருக்குள் நுழையும் கடல்கழியான க்ரீக் வரை நடந்தால் அப்ரா படகில் ஒரு திர்ஹமுக்கு (அந்த ஊர்ப் பணம்) அக்கரையில் உள்ள தேரா பகுதிக்குப் போகலாம்.

சைவம் மட்டும் என்பவர்களுக்கு லெபனான் கடைகள்தான் என் சிபாரிசு. கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் ஹம்மூஸ், சுட்ட கத்தரிக்காயில் செய்யும் முத்தபல், ஸாத்தர் என்ற மூலிகைப் பொடி தடவிச் சுட்ட மனாகீஷ் ரொட்டி. மனாகீஷைப் பொடி தோசையின் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டால் உடனே பிடித்துவிடும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மெனுவில் 'மீட்' என்று மட்டும் போட்டிருந்தால் ஆடா மாடா என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மீனில் நான் ஏமாந்த கதையும் உண்டு. அம்மா வந்திருந்தபோது கடலோரம் ஒரு கடையில் ஐஸ் மேல் அடுக்கிய ஹமூர் மீனைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்தேன். எடை போட்டுத்தான் விலை என்பது பில் வந்த பிறகே தெரிந்தது. போதாததற்கு 'வாட்டர்' என்று சும்மா சொன்னதற்கு இத்தாலியிலிருந்து வந்த பாட்டில் வேறு. கிலோ என்ன விலை என்று முதலில் கேளுங்கள், தண்ணீர் வேண்டுமென்றால் 'லோக்கல் வாட்டர்' என்று சொல்லுங்கள். உம் சுகெய்ம் மீன்பிடித் துறைமுகத்தருகே இருக்கும் பு கத்தீர் என்ற மீன் கடையிலும் எடைக் கணக்குதான். ஆனால் அந்த மசாலா வறுவலும் பரோட்டாவும் நம் மெரினா மீன் கடைகளை ஞாபகப்படுத்தும். கூட்டத்துக்கு முன்னால் போய்விடுவது நல்லது.

ரம்ஜான் மாதத்தில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பகலில் திறக்கும் உணவகங்கள் திரை போட்டு மறைக்க வேண்டும் என்ற விதியை 2021இல் எடுத்துவிட்டார்கள். தெருவில் நடந்தபடி சாப்பிடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த மாதம் மாலையில் கிடைக்கும் லுகைமாத்தை விடாதீர்கள், பேரீச்சம் பாகு ஊற்றிய குட்டி குட்டி உருண்டைகள். பார்சல் வாங்கிக்கொண்டு மெட்ரோவில் ஏறினால் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், உள்ளே சாப்பிட்டால் 100 திர்ஹம் அபராதம்.

அப்புறம், கடையே வேண்டாம், நானே சமைத்துக்கொள்கிறேன் என்று பெட்டி கட்டுகிறவர்களுக்கு: இட்லி அரிசி, காபிப் பொடி எல்லாம் அங்கேயே கிடைக்கும், சுமக்காதீர்கள். கசகசா மட்டும் ஒரு சிட்டிகைகூட பெட்டியில் இருக்கக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள். அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் என்னென்ன போட்டிருக்கிறாள் என்று கிளம்புவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.